வானத்தில் ஒரு செல்லாக்காசு!

'நீயெல்லாம் செல்லாக்காசுடா!' அரியர் லிஸ்ட் ஒட்டின அன்னிக்கு வீட்டுல இந்த அர்ச்சனை வாங்காத ஆள் நம்ம செட்டுல உண்டா? கவலையை விடுங்க பாஸ்... ரெண்டாயிரம் வருஷத்துக்கும் முன்னால செல்லுபடியான ஒரு சில்லறைக் காசோட பேர்ல, வானத்தில் ஒரு நட்சத்திரக் கூட்டமே இருக்கு!

பேர், 'செக்ஸ்டன்ஸ்'. நமட்டுச் சிரிப்பு வேண்டாம். லத்தீனில் 'செக்ஸ்' என்றால் ஆறு. செக்ஸ்டன்ஸ் என்றால் ஆறில் ஒரு பங்கு, அவ்வளவுதான்! ரோமாபுரியில் 'ஆஸ்' என்று ஒரு காசு. அதில் ஆறில் ஒன்று செக்ஸ்டன்ஸ். நம்ம தாத்தா காலத்து அணாவில் நாலில் ஒன்று காலணா இல்லையா, அதே கணக்கு. ஒரு ஆஸுக்கு 12 'உன்சியா', செக்ஸ்டன்ஸுக்கு ரெண்டு. அதனால் அந்த வெண்கலக் காசில் ரெண்டு புள்ளி இருக்கும்.

சரி, காசு எப்படி வானத்துக்குப் போச்சு? போகலை. போனது ஒரு கருவி. வட்டத்தில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 60 டிகிரி வில். அதனால் அதுக்கும் அதே பேர். டான்சிக் நகரத்தில் (இன்றைய போலந்தின் கடான்ஸ்க்) ஹெவேலியஸ் என்பவர் அதை வைத்து நட்சத்திரங்களை வெறுங்கண்ணால் அளந்துகொண்டிருந்தார். 1679 செப்டம்பரில் தீ விபத்து. கருவிகளும் புத்தகங்களும் சாம்பல். அப்போ அவருக்கு வயசு 68!

மனுஷன் மூலையில் உட்காரலை. ஆய்வுக்கூடத்தைத் திரும்பக் கட்டினார். சிங்க ராசிக்குக் கீழே யாரும் கண்டுக்காத மங்கலான நட்சத்திரங்களைச் சேர்த்து, எரிந்துபோன கருவியின் பேரை வைத்தார். 1687-ல் அவர் இறந்துவிட, கூடவே நின்று வானத்தை அளந்த மனைவி எலிசபெத், 1690-ல் அந்த நட்சத்திர அட்லஸை வெளியிட்டார்.

பார்க்கணுமா? ஏப்ரல் முதல் வாரம், நிலா இல்லாத ராத்திரி, ஒன்பதரை மணி. சேலத்துக்காரங்களுக்கு ஒரு ஸ்பெஷல் சலுகை... மகம் நட்சத்திரம் அப்போ கிட்டத்தட்ட நம்ம உச்சந்தலைக்கு நேர் மேலே இருக்கும். கையை நீட்டி முஷ்டியை மடக்குங்க. மகத்திலிருந்து தெற்கே ஒரு முஷ்டிக்குக் கொஞ்சம் கூடுதலா இறங்கினால் செக்ஸ்டன்ஸின் பிரகாசமான நட்சத்திரம். 'பிரகாசம்' என்பது பேச்சுக்குத்தான். அதன் ஒளி எண் 4.5. நல்ல இருட்டில் கண்ணுக்கு 6 வரைக்கும் தெரியும்.

சிக்கலே அந்த இருட்டுதான். சூரமங்கலத்தில், ஜங்ஷன் விளக்குகளுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் மகம் தெரியும், இது தெரியாது. நட்சத்திரம் எங்கேயும் போயிடலை. நம்ம வெளிச்சம்தான் அதை மறைக்குது. அதனால அடுத்த தடவை கரண்ட் போனா, ஈ.பி.காரரைத் திட்டாம நேரா மொட்டை மாடிக்கு ஓடுங்க. கண்ணு இருட்டுக்குப் பழக இருபது நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் செல்போன் பாக்கெட்டிலேயே இருக்கட்டும்!