பிளஸ் 1 சேர்க்கையிலேயே முடிவாகிறது வேளாண் படிப்பு

பிளஸ் 2 தேர்வு முடிவு வந்த பிறகுதான் நம் வீடுகளில் மேற்படிப்புப் பேச்சு தொடங்குகிறது. அதற்குள் காலம் கடந்திருக்கும். பத்தாம் வகுப்பு முடித்து, பிளஸ் 1-ல் வணிகவியல் பிரிவில் சேர்ந்துவிட்ட பிள்ளை, பிறகு எவ்வளவு மதிப்பெண் எடுத்தாலும் இளமறிவியல் வேளாண்மைக்கு விண்ணப்பிக்க முடியாது. அறிவியல் பிரிவோ, வேளாண் தொழிற்கல்விப் பிரிவோ படித்திருக்க வேண்டும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இந்தப் படிப்புக்கான மாநில இடங்களைப் பிளஸ் 2 மதிப்பெண்ணை வைத்தே நிரப்புகிறது. தனி நுழைவுத்தேர்வு இல்லை. பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட இயலாத குடும்பங்களுக்கு இது பெரிய ஆறுதல். 6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-ம் ஆண்டுச் சட்டப்படி 7.5 சதவீத ஒதுக்கீடும் உண்டு.

ஆனால், நாற்று நடவும் மாட்டின் மடிநோயை அடையாளம் காணவும் தெரிந்த பிள்ளையின் அனுபவத்துக்கு இந்தத் தரவரிசையில் ஒரு மதிப்பெண்கூட இல்லை. அதற்காக இன்னொரு தேர்வு வைத்தால் லாபம் பயிற்சி மையங்களுக்குத்தான். கிராமப்புற மேல்நிலைப் பள்ளிகளில் வேளாண் தொழிற்கல்விப் பிரிவைக் கூடுதலாகத் தொடங்கி, அதற்குரிய ஆசிரியர்களை நியமிப்பதே சரியான வழி.

வேளாண் அலுவலர்கள் விவசாயிகள் கூட்டத்தில் விதை, உரத்தோடு இதையும் சொல்ல வேண்டும். பட்டம் தவறி விதைத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே பள்ளிக்குப் போய் விசாரியுங்கள்.