முதலில் நிற்கட்டும், பிறகு ஓடட்டும்

சீனன்குடாப் பக்கம் சென்ற நேயர்கள், பற்றைக் காட்டினூடே வரிசை வரிசையாக நிற்கும் பிரமாண்டமான எண்ணெய்க் குதங்களைக் கண்டிருப்பர். பிரித்தானியர் எழுப்பிய அக்குதங்கள் 99. ஒவ்வொன்றும் சுமார் 12,000 கிலோலீற்றர் கொள்ளும். இத்துணைக் குதங்களை மடியில் வைத்திருக்கும் ஊரிலேதான், 2022ஆம் ஆண்டில் நாம் சில லீற்றர் பெற்றோலுக்காக வரிசையில் கால்கடுக்க நின்றோம். காலத்தின் கோலம் அது!

அந்நாளில் கொட்டகைக்குள் ஒதுங்கிய கார்கள் பல, பின்னர் ஏதேதோ காரணங்களால் வெளியே வரவேயில்லை. புதிதாக வாங்குவோமெனில், 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. வரியோடு கூடிய விலையோ நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாக்கனி. ஆகவே, உள்ளதைத் துடைத்து ஓட்டுவதே அறிவுடைமை என்று பலரும் எண்ணத் தலைப்பட்டுள்ளனர்.

எம் அயலிலுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவ்வாறே எண்ணினார். பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வருகிறார்கள். அவர்களைக் கோணேசர் கோயிலுக்குக் காரிலே அழைத்துச் செல்லவேண்டும் என்பது அவரது ஆசை. மூன்று வருடம் உறங்கிய காருக்கு இரவல் பற்றறி பூட்டித் திறப்பைத் திருப்பினார். எஞ்சின் உறுமி எழுந்தது! அம்மையார் சில்லுக்கு வைக்க எலுமிச்சம்பழத்தோடு ஓடி வந்தார். நாமும் கைதட்டினோம்.

அவ்வேளை அங்கு வந்த முதிய மெக்கானிக் ஒருவர், ஒன்றும் பேசாது பிறேக் மிதியைக் காலால் அழுத்தினார். அது தரைவரை சென்று அமர்ந்துவிட்டது.

“மாஸ்டர், ஓடும் எண்டு தெரிஞ்சு போச்சு. நிக்குமோ எண்டு பாத்தனீங்களோ?” என்றார்.

நாம் வாயடைத்து நின்றோம். பிரட்றிக் கோட்டைக்கூடாகச் சுவாமிமலைக்கு ஏறும் பாதை நேயர்கள் அறிந்ததே. ஏறியவர் இறங்கவும் வேண்டுமன்றோ? அந்த இறக்கத்திலே, வண்டி நிறையக் குழந்தைகளோடு...

ஆகவே, நெடுநாள் நின்ற காரை எழுப்புவோர் பிறேக்கிலிருந்தே தொடங்குதல் வேண்டும். பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. பிறேக் சூடேறும்போது அந்நீர் ஆவியாகிவிட்டால் மிதி பஞ்சுபோலாகும். ரப்பர் வளையங்கள் காய்ந்து கசியும். கைப்பிறேக் துருப்பிடித்து இறுகும். துறைமுக ஊரிலே இக்கேடு விரைவில் நேரும். மாணவர்களே, உப்புக் கலந்த நீர் மின்னை நன்கு கடத்துவதால், துருப்பிடிக்கும் மின்னிரசாயனத் தாக்கமும் விரைகின்றது என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

அடுத்தது ரயர். அதன் பக்கச் சுவரிலே நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 எனில், 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது எனப் பொருள். பூ தேயாதிருந்தாலும், வெடிப்பு விழுந்த பழைய ரயர் நம்பத்தக்கதன்று.

இவ்விரண்டும் சீரான பின்னரே எஞ்சினிடம் செல்க. பழைய பெற்றோல் பிசினாகி வழிகளை அடைக்குமாதலால், அதனை வடித்துப் புதியதை ஊற்றுக. எஞ்சின் ஒயிலையும் மாற்றுக. பல ஆண்டுகள் நின்ற எஞ்சினாயின், பிளக்குகளைக் கழற்றிச் சிறிது ஒயில் விட்டுக் கையாலே மெல்லச் சுழற்றிய பிறகே திறப்பைத் தொடுதல் நன்று. நன்கு ஏற்றிய பற்றறி, வேலையின்றி நிற்கையில் ஏறக்குறைய 12.6 வோல்ற் காட்டும். மூடியைத் திறந்து எலி கடித்த வயர் உண்டோ எனவும் பாருங்கள். மாரியிலே ஒதுங்கிய பாம்பும் இருக்கக்கூடும்! ஹைபிரிட் காராயின் செம்மஞ்சள் நிற வயர்களைத் தொடவே வேண்டாம். அது பயின்றவர் வேலை.

கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள். புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமுமின்றி உயிரைக் குடிக்கும். வெளியே தள்ளி, வளவுக்குள்ளேயே நடைவேகத்தில் ஓட்டிப் பலமுறை நிறுத்திப் பாருங்கள். புகைப் பரிசோதனை, காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம் ஆகியவற்றை முடித்த பின்னரே தெருவுக்கு வாருங்கள்.

எம் ஆசிரியரின் பேரப்பிள்ளைகள் முதல் நாள் கோயிலுக்கு முச்சக்கர வண்டியிலேயே போயினர். தாத்தாவுக்குச் சிறிது மனக்குறைதான். பத்தாம் நாள், பிறேக் முழுவதும் புதுக்கிய காரில் அவர்கள் மீண்டும் மலையேறி, பத்திரமாக இறங்கி வந்தனர். வீட்டு வாசலில் கார் நின்றபோது கடைக்குட்டி கேட்டது: “தாத்தா, நல்லா நிக்குது, என்ன?”

பதறாத காரியம் சிதறாது.