புழல் ஏரிக்கரையின் பழைய நீர்க் கட்டடங்கள்: எங்கள் நிலைப்பாடு

புழல் ஏரியின் ஜோன்ஸ் கோபுரமும் அதைச் சார்ந்த பழைய மதகுக் கட்டடங்களும் மக்கள் அருங்காட்சியகமாக வேண்டும் என்பது எங்கள் அமைப்பின் நிலைப்பாடு. சுண்ணாம்புச் சுவருக்குப் பளபளப்பான பெயின்ட், வாசலில் செல்ஃபி எடுக்க ஒரு பலகை, பக்கத்தில் காபிக் கடை என்று அருங்காட்சியக வேலை முடிந்துவிடுமானால், கட்டடங்கள் இப்போது இருப்பதுபோலவே இருக்கட்டும்.

1872-க்கு முன் சென்னை கிணற்றுத் தண்ணீர் குடித்த ஊர். கோட்டைக்கு ஏழுகிணறு இருந்தது. மற்றவர்களுக்கு அவரவர் தெருக் கிணறு. பொறியாளர் ஃப்ரேசரின் திட்டப்படி அந்த ஆண்டு செங்குன்றத்தில் உள்ள இந்த ஏரியிலிருந்து திறந்த மண் கால்வாயில் கீழ்ப்பாக்கம் வரை நீர் ஓடிவந்து, அங்கிருந்து இரும்புக் குழாய்களில் தெருக்களுக்குப் போனது. பம்பு கிடையாது, நில வாட்டம்தான் தள்ளியது. வடிகட்டலும் கிடையாது. வழியில் கால்வாயில் விழுந்ததெல்லாம் குழாய்க்கும் வந்தது. மேட்லி என்ற பொறியாளரின் காலத்தில், 1914-இல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டித் தொட்டிகள் வந்த பிறகே நிலைமை மாறியது. வாட்டம் என்றால் என்ன என்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட புழல் ஏரிக்கரையைவிட நல்ல இடம் நகரத்தில் இல்லை.

ஆனால் ஃப்ரேசர், கோபுரத்துக்குப் பெயர் தந்த ஜோன்ஸ், மேட்லி என்று படங்களை வரிசையாக மாட்டிவிட்டு அதை மக்கள் அருங்காட்சியகம் என்று சொல்ல முடியாது. தொண்டைமண்டலத்தின் 24 கோட்டங்களில் புழல் ஒன்று. ஏரி வயலுக்குப் பாய்ந்த காலம், குழாய்க்குப் பாயும் காலத்தைவிட நீண்டது. நகரத்தின் தாகத்துக்கு ஏரி போனபோது ஆயக்கட்டு விவசாயிக்கு என்ன ஆயிற்று என்ற கேள்விக்கு உள்ளே ஒரு சுவராவது ஒதுக்க வேண்டும். மழை இரவில் கரையில் நடந்து மதகைத் திறந்த லஸ்கர்களின் குரல் பதிவாக வேண்டும். 2019 கோடையில் 3.3 டி.எம்.சி. கொள்ளளவுள்ள இந்த ஏரி தரை தெரிய வற்றியபோது, லாரிக்குக் காத்துநின்ற பிளாஸ்டிக் குடங்களும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கத் தகுந்தவையே. சிலர் சிரிக்கலாம். பித்தளை வால்வுக்கு இருக்கும் வரலாறு அந்தக் குடத்துக்கும் உண்டு.

குடிநீர் ஏரியில் கூட்டத்தை விடுவதா என்ற ஆட்சேபம் நியாயமானது. அதை நாங்களும் ஏற்கிறோம். ஆனால் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. பாஸ்டன் நகரின் செஸ்ட்நட் ஹில் நீர்த்தேக்கக் கரையில், 1880-களில் கட்டிய நீராவி பம்பு நிலையம் 2011 முதல் அருங்காட்சியகமாக இயங்குகிறது. ராட்சத எந்திரங்கள் ஓடிய இடத்திலேயே இன்றும் நிற்கின்றன. அந்த முறையை நாம் எடுத்துக்கொள்ளலாம், பார்வையாளர்களை அனுமதிப்பதில் அங்குள்ள தாராளத்தை எடுத்துக்கொள்ள முடியாது. அந்த நீர்த்தேக்கம் இப்போது அவசரத்துக்கு மட்டும். புழலோ அன்றாடக் குடிநீர். ஆகவே காட்சி அறைகள் கரைக்கு வெளிப்புறக் கட்டடத்தில் அமையட்டும். கோபுரத்தைத் தள்ளிநின்று பார்க்கட்டும். சிறு குழுக்களாக, ஊழியர் ஒருவர் உடன்வர மட்டுமே அனுமதி. படகு வேண்டாம், தின்பண்டக் கடை வேண்டாம்.

ஏரி நீர்வளத் துறையிடம், குழாய் குடிநீர் வாரியமான மெட்ரோ வாட்டரிடம். இரண்டுக்கும் நடுவில் கோப்பு தூங்கிவிடாமல் இருக்க, இரு துறையினரும் செங்குன்றம், புழல் மக்களும் இடம்பெறும் ஒரே குழுவிடம் பொறுப்பைத் தர வேண்டும். கரையோர ஊர்க்காரர்களுக்கு நுழைவுக் கட்டணம் கூடாது. பழுதுபார்ப்பில் சுண்ணாம்புச் சாந்துக்குப் பதில் சிமென்ட் பூசக் கூடாது. ஈரம் உள்ளேயே தங்கி, செங்கல் உதிரும்.

இவற்றுக்கெல்லாம் காலம் பிடிக்கும் என்பது தெரியும். ஒன்றை மட்டும் உடனே செய்யலாம். கழற்றிப் போட்ட வால்வுகளைப் பழைய இரும்பு ஏலத்திலும், நீர்மட்டப் பதிவேடுகளைப் பழைய காகிதக் கட்டிலும் சேர்க்காமல், ஓர் அறையில் பூட்டி, பட்டியல் எழுதி, அந்தப் பட்டியலை மக்கள் பார்க்க வெளியிட வேண்டும்.