கோபுர வாசலில் மூன்று காவலர்கள்

எட்டார்ட் ஸ்டார்க் கால் முறிந்து படுத்திருக்கிறார். வலிக்குக் கொடுத்த அபின் மருந்தில் நினைவு தப்பி, பழைய கனவு ஒன்று திரும்ப வருகிறது. டார்ன் நாட்டுச் செம்மலைகளின் நடுவே ஒரு கோபுரம். அதன் முன்னால் வெள்ளை மேலங்கி போட்ட மூன்று வீரர்கள். எட்டார்ட் என்கிற நெட்டுடன் வந்தவர்கள் ஆறு பேர். ஏழு பேருக்கும் மூன்று பேருக்கும் நடந்த சண்டையில் கடைசியில் மிஞ்சியவர்கள் இருவர்தான்: நெட், அவருடைய நண்பர் ஹவ்லண்ட் ரீட். கோபுரத்தை இடித்து அந்தக் கற்களாலேயே எட்டுப் பேருக்கும் சமாதி எழுப்பிவிட்டு நெட் கிளம்புகிறார். இரத்தப் படுக்கையில் செத்துக்கொண்டிருந்த தங்கை லியானாவுக்கு அவர் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறார். என்ன வாக்கு என்று நூல் சொல்லவில்லை.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' வரிசையில் முதல் நூலான 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' 1996-ல் வெளிவந்தது. அறுநூறு பக்கங்களைத் தாண்டும் அந்த நாவலில் இந்தக் கனவுக்குக் கிடைத்த இடம் ஓரிரு பக்கம். வேகமாகப் படிப்பவர் அதைத் தாண்டிப் போய்விடுவார். சிலர் அங்கேயே நின்றார்கள். அவர்கள் கேட்ட கேள்வி மிக எளியது: அந்த மூவருக்கு அங்கே என்ன வேலை?

மூவரும் சாதாரண வீரர்கள் அல்லர். அரசரைக் காப்பதற்கென்றே ஆயுள் முழுக்கச் சத்தியம் செய்துகொடுத்த ஏழு பேரில் மூவர். அவர்களில் ஜெரால்ட் ஹைடவர் அந்த ஏழு பேருக்கும் தலைவர். கனவில் வரும் சண்டை நடந்தபோது, ராபர்ட் என்ற பிரபு மன்னர் ஏரிஸுக்கு எதிராக நடத்திய போர் முடிந்துவிட்டிருந்தது. மன்னர் ஏரிஸ் கொல்லப்பட்டார். பட்டத்து இளவரசர் ரேகார், டிரைடென்ட் ஆற்றில் ராபர்ட்டின் சம்மட்டிக்கு இரையானார். ரேகாரின் கைக்குழந்தையும் உயிரோடு இல்லை. ஊரறிய மிச்சமிருக்கும் வாரிசு, டிராகன்ஸ்டோன் தீவுக்குத் தப்பிய சிறுவன் விசெரிஸ்தான். சத்தியத்தின்படி மூவரில் ஒருவராவது அவனிடம் போயிருக்க வேண்டும். நெட்டே அதைக் கேட்கிறார். ஓடிப்போவது தங்கள் வழக்கமில்லை என்று பதில் வருகிறது. அரசரைக் காக்க வேண்டியவர்கள் புதிய அரசனிடம் போகாமல் ஒரு கோபுரத்தின் வாசலை விட்டு நகர மறுக்கிறார்கள் என்றால், அவர்கள் கணக்கில் அரசன் கோபுரத்துக்குள் இருக்கிறான் என்றுதானே பொருள்?

அந்தப் போரிலிருந்து நெட் ஒரு கைக்குழந்தையோடு வீடு திரும்பினார். தனக்கு முறைதவறிப் பிறந்தவன் என்று சொல்லி வளர்த்தார். அவன்தான் ஜான் ஸ்னோ. 1997-லேயே இணைய விவாதக் குழுக்களில் இந்த ஊகம் எழுத்தில் வந்துவிட்டது. ரேகாருக்கும் லியானாவுக்கும் பிறந்தவன் ஜான் என்பதை வாசகர்கள் ஒரு சமன்பாடாகவே சுருக்கினார்கள்: ஆர் கூட்டல் எல் சமம் ஜே.

ஒரு துப்பை வைத்துக்கொண்டு ஊகம் நிற்காது. இதற்கு அடுக்கடுக்காகத் துப்புகள் கிடைத்தன. ஹாரன்ஹால் கோட்டையில் நடந்த வீரவிளையாட்டில் வென்ற ரேகார், அங்கேயே இருந்த மனைவி எலியாவைத் தாண்டிப் போய் லியானாவுக்கு நீல நிறக் குளிர்கால ரோஜாக்களால் ஆன மகுடத்தைத் தந்தார். இரண்டாம் நூலில் ரேகாரின் தங்கை டேனெரிஸுக்குத் தெரியும் காட்சிகளில் ஒன்று, பனிச்சுவரின் விரிசலில் மலர்ந்து மணம் வீசும் ஒரு நீலப்பூ. அந்த நேரத்தில், நாட்டின் வட எல்லையில் நிற்கும் பனிச்சுவரின் காவல் படையில் இருப்பவன் ஜான். லியானா கிடந்த இரத்தப் படுக்கைக்கும் விளக்கம் அதே முதல் நூலில் உண்டு: டேனெரிஸின் பிரசவத்துக்கு முன்வரும் மருத்துவச்சி, பேறுகாலத்தை அதே போன்ற சொல்லால்தான் குறிப்பிடுகிறாள். நெட் பொய் சொல்லக் காரணமும் கைவசம் இருக்கிறது. ரேகாரின் பிள்ளைகள் பிணமாகக் கொண்டுவந்து கிடத்தப்பட்டபோது புதிய அரசர் ராபர்ட் அதை ஏற்றுக்கொண்டார். நெட்டுக்கும் அவருக்கும் சண்டை மூண்டதே அதனால்தான். இன்னொரு பிள்ளை இருப்பது தெரிந்தால் என்ன நடக்கும் என்று நெட்டைவிட நன்றாக அறிந்தவர் யார்? வாழ்நாள் முழுக்க மானத்தைப் பெரிதாக மதித்த ஒருவர், மனைவி முகத்தில் விழிக்க முடியாத ஒரு பழியைத் தானே தலையில் சுமந்துகொண்டார் என்று புரியும்போது, அதுவரை படித்த நெட் வேறு ஆளாகிவிடுகிறார். இந்த ஊகத்தின் உண்மையான பலன் இதுதான். ஜானின் தாய் யார் என்பதைவிட நெட் யார் என்பதை அது அதிகம் காட்டுகிறது.

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டிய நெட், முதல் நூலிலேயே தலை துண்டிக்கப்பட்டு இறக்கிறார். மீதமிருக்கும் சாட்சி ஹவ்லண்ட் ரீட். ஐந்து நூல்கள் வந்தும் அவர் ஒரு காட்சியில்கூட நேரில் தோன்றவில்லை. அவருடைய பிள்ளைகள் மட்டும் வருகிறார்கள். 2000-ல் வந்த மூன்றாம் நூலில் மகள் மீரா, நெட்டின் மகன் பிரானுக்கு வழிநடையில் ஒரு கதை சொல்கிறாள். ஹாரன்ஹாலில் முகம் காட்டாமல் போட்டியிட்ட ஒரு மர்ம வீரனின் கதை. உன் அப்பா இதை உனக்குச் சொன்னதே இல்லையா என்று அவள் தம்பி ஜோஜன் பிரானைத் திரும்பத் திரும்பக் கேட்கிறான். சொன்னதில்லை என்கிறான் பிரான். நெட் ஏன் சொல்லவில்லை என்று யோசிக்கும் வாசகர்களில் பெரும்பாலோர், அந்த மர்ம வீரன் லியானாதான் என்ற முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

தன் இரகசியம் இப்படி முன்கூட்டியே கண்டுபிடிக்கப்பட்டால் எழுத்தாளர் என்ன செய்வார்? மார்ட்டின் இதைப் பற்றி வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். 2014-ல் எடின்பரோ புத்தக விழாவில், மிக நுணுக்கமான துப்புகளைச் சேர்த்து ஓரிரு வாசகர்கள் சரியான விடைக்கே வந்துவிட்டதாக ஒப்புக்கொண்டார். அதற்காகக் கதையை மாற்றப் போவதில்லை என்பதுதான் அவர் நிலை. முன்னேற்பாடாகத் துப்புகளை விதைத்துவிட்டு, யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்று திசையைத் திருப்பினால் மொத்தக் கட்டுமானமும் குலைந்துவிடும் என்றார். எழுத்தாளர்கள் எல்லோரும் பாடமாக வைத்துக்கொள்ள வேண்டிய நிலைப்பாடு இது. வாசகர் கண்டுபிடித்தது எழுத்தாளருக்குத் தோல்வி அல்ல. துப்புகள் நேர்மையாக வைக்கப்பட்டிருந்தன என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி வேறில்லை. டேவிட் பெனியாஃபும் டி. பி. வைஸும் 2006-ல் தொலைக்காட்சித் தொடருக்காக மார்ட்டினை லாஸ் ஏஞ்சலஸில் மதிய உணவுக்குச் சந்தித்தபோது, அவர் வைத்த பரீட்சையும் இதே கேள்விதான்: ஜானின் தாய் யார்? சரியான விடை சொன்னார்கள். தொடர் அவர்கள் கைக்கு வந்தது.

எதிர்ப்புறத்தில் ஓர் உதாரணம் உண்டு. ராபர்ட் ஜோர்டனின் 'தி வீல் ஆஃப் டைம்' வரிசையில் ஐந்தாவது நூல் 1993-ல் வந்தது. அதன் முடிவில் அஸ்மோடியன் என்ற தீயவன் மது தேடி அரண்மனையில் ஒரு சின்னக் கதவைத் திறக்கிறான். உள்ளே நிற்பவரை அடையாளம் கண்டு அதிர்கிறான். அடுத்த நொடி செத்துப்போகிறான். கொன்றது யார் என்று ஜோர்டன் எழுதவில்லை. கவனமாகப் படித்தவருக்கு விளங்கும் என்பதே அவர் பதில். வாசகர்கள் பக்கம் பக்கமாக அட்டவணை போட்டார்கள். அந்த நாளில் யார் எங்கே இருந்தார்கள், அஸ்மோடியன் அந்த நகரத்தில் இருப்பது யாருக்குத் தெரியும், பிணம் கிடைக்காமல் போனது எப்படி என்று ஒவ்வொன்றும் அலசப்பட்டது. கதாநாயகர்கள் ஊரிலிருந்து ஓட்டிவந்த பேலா என்ற பெண்குதிரை மீதுகூடச் சிலர் சிரிப்புக்காகச் சந்தேகத்தைத் திருப்பினார்கள்.

ஜோர்டன் 2007 செப்டம்பரில் காலமானார். வரிசை முடியவில்லை. அவருடைய மனைவியும் பதிப்பாசிரியருமான ஹேரியட் மெக்டூகல், மீதியை முடிக்க பிராண்டன் சாண்டர்சனைத் தேர்ந்தெடுத்தார். 2010-ல் வந்த 'டவர்ஸ் ஆஃப் மிட்நைட்' நூலில் விடை இருந்தது. அதுவும் கடைசிப் பக்கங்களில் உள்ள சொல்லடைவில், கிரேண்டல் என்ற தீயவளின் பெயருக்குக் கீழே, கொன்றவள் அவள்தான் என்ற குறிப்பாக. பதினேழு ஆண்டுச் சண்டைக்குக் கிடைத்த தீர்ப்பு இவ்வளவுதான். கிரேண்டலைச் சுட்டிக்காட்டியவர்கள் முன்பே இருந்தார்கள், அவர்கள் சொன்னது சரிதான். ஆனாலும் அந்த விடை யாரையும் உலுக்கவில்லை. அவள் கொன்றாள் என்று தெரிந்த பின் முந்தைய எந்தப் பக்கமும் புதிதாகத் தெரியவில்லை. நெட்டின் மௌனத்துக்குள் ஒரு வாழ்க்கை இருந்தது. அஸ்மோடியன் திறந்த கதவுக்குப் பின்னால் இருந்தது ஒரு பெயர் மட்டும்.

தொலைக்காட்சித் தொடரின் கதை இன்னும் வருத்தமானது. 2016 ஜூன் மாதம் ஆறாம் பருவத்தின் கடைசிப் பகுதியில் பிரானின் கண் வழியே கோபுரத்துக்குள் நாம் நுழைகிறோம். லியானா, குழந்தை, வாக்கு. அங்கிருந்து குழந்தையின் முகம் ஜானின் முகத்துக்குத் தாவுகிறது. ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக விடை தெரிந்தவர்களும் அன்று கண் கலங்கினார்கள். தெரிந்த விடை என்பதால் அந்தக் காட்சி ஓர் இம்மியும் குறையவில்லை. ஆனால் அப்படிப் பார்வையாளர்களிடம் பெற்ற நம்பிக்கையைத் தொடர் தயாரித்தவர்களால் கடைசிவரை காப்பாற்ற முடியவில்லை. 2019-ல், பனிச்சுவருக்கு அப்பாலிருந்து படையெடுத்து வரும் இறந்தோரின் மன்னனை வீழ்த்தும் வேலை நெட்டின் மகள் ஆர்யாவுக்குப் போயிற்று. ஜான் எப்போதும் காப்பாற்றுகிற நாயகனாகவே இருந்துவந்ததால் அந்தக் கணத்துக்கு அவர் பொருந்தவில்லை என்று தோன்றியதாகப் பெனியாஃப் விளக்கம் சொன்னார். ஆர்யா ஆற்றல் உள்ளவள்தான். இருந்தாலும் பனிச்சுவரையும் பனியில் வரும் பகைவரையும் சுற்றியே வளர்ந்தது ஜானின் கதை. எதிர்பார்க்காததைக் கொடுப்பதும் காத்திருந்ததை நிறைவேற்றுவதும் ஒன்றல்ல.

எல்லா ஊகமும் பலிப்பதில்லை, பலிக்கவும் வேண்டாம். பனிச்சுவருக்கு அப்பால் காணாமல் போன நெட்டின் தம்பி பென்ஜன் ஸ்டார்க்தான், முகத்தை மூடிக்கொண்டு பிரானுக்கு வழிகாட்டும் கோல்ட்ஹேண்ட்ஸ் என்று பலரும் உறுதியாக நம்பினார்கள். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் குஷிங் நூலகத்தில் மார்ட்டினின் கைப்பிரதிகள் இருக்கின்றன. ஐந்தாம் நூலின் பிரதியில் ஓரத்தில் அவருடைய பதிப்பாசிரியரும் இதே சந்தேகத்தை எழுப்பியிருக்கிறார். மார்ட்டின் எழுதிய பதில் ஒரே சொல்: இல்லை. அங்கே போய்ப் பிரதியைப் புரட்டிய ஒரு வாசகர் மூலம் அது வெளியே வந்தது. தொலைக்காட்சித் தொடரோ இருவரையும் ஒருவராகவே ஆக்கிவிட்டது. நாவலில் கோல்ட்ஹேண்ட்ஸ் யார் என்ற கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

இப்போது சூடாக நடக்கும் வாதம் 'யங் கிரிஃப்' பற்றியது. 2011-ல் வந்த 'எ டான்ஸ் வித் டிராகன்ஸ்' நூலில், செத்ததாக எல்லோரும் நினைத்த ரேகாரின் கைக்குழந்தை ஏகான், வளர்ந்த இளைஞனாக வந்து நிற்கிறான். ஒற்றர் தலைவர் வாரிஸ் குழந்தையை மாற்றிவைத்துக் காப்பாற்றியதாகச் சொல்லப்படுகிறது. வாசகர்களில் பலர் நம்பவில்லை. அவன் ரேகாரின் டார்கேரியன் குடியைச் சேர்ந்தவன் அல்ல, அந்தக் குடியிலிருந்து முறைதவறிப் பிறந்து கலகம் செய்த பிளாக்ஃபயர் கிளையின் வாரிசு என்பது அவர்கள் வாதம். டார்கேரியன் கொடியில் கறுப்புத் துணியில் சிவப்பு டிராகன். பிளாக்ஃபயர் கொடியில் சிவப்புத் துணியில் கறுப்பு டிராகன். இளைஞனுக்குப் பக்கபலமாக வரும் கூலிப்படையே பிளாக்ஃபயர் கலகத்தில் தோற்றவர் உருவாக்கியது.

இந்த வாதத்துக்கு வாசகர்கள் காட்டும் அழகான சான்று, அவன் கதையில் வருவதற்கு ஆறு ஆண்டுகள் முன்னால், 2005-ல் வந்த நான்காம் நூலில் இருக்கிறது. ஊர் ஊராக நடக்கும் ஒரு துறவி, வழியில் இருக்கும் சத்திரத்தின் பழங்கதையைச் சொல்கிறார். ஒரு காலத்தில் அதன் வாசலில் கறுப்பு இரும்பாலான மூன்று தலை டிராகன் தொங்கியதாம். பிளாக்ஃபயர் கலகம் வெடித்ததும் அந்தப் பகுதிப் பிரபு அதை வெட்டி ஆற்றில் எறிந்தார். பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு தலை கரை ஒதுங்கியது. அப்போது அது துருப்பிடித்துச் சிவந்திருந்தது. கறுப்பு டிராகன் தண்ணீர் வழியே சிவப்பு டிராகனாகத் திரும்பி வருகிறது. கடல் கடந்து வந்து தன்னைச் சிவப்பு டிராகன் என்று சொல்லிக்கொள்ளும் இளைஞனைப் பற்றி இதைவிட எப்படித் துப்பு வைக்க முடியும்?

ஆறாம் நூலான 'தி விண்ட்ஸ் ஆஃப் வின்டர்' இன்னும் வரவில்லை. அதிலிருந்து மார்ட்டின் முன்கூட்டியே வெளியிட்ட அத்தியாயங்களில் இரண்டு, டார்ன் இளவரசி ஆரியானுடையவை. ரேகாரின் மனைவி எலியா அவளுக்கு அத்தை. வந்திருப்பவன் உண்மையிலேயே அத்தை மகன்தானா என்று பார்த்துவர அப்பா அவளை அனுப்புகிறார். அவன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே இரண்டாவது அத்தியாயம் முடிந்துவிடுகிறது. குழந்தையை மாற்றியதைக் கண்ணால் பார்த்தவர் வாரிஸைத் தவிர வேறு யாராவது உண்டா என்று அவள் கேட்பாளா என்பதுதான் ஊகக்காரர்களின் இன்றைய எதிர்பார்ப்பு.