உடலை அறிவோம்: மூச்சுக்குழாயும் ரம்புத்தான் கொட்டையும்



குரல்வளை மேட்டுக்குக் கீழே விரலை மெதுவாக வைத்துப் பாருங்கள். கெட்டியாக, மேடும் பள்ளமுமாகத் தட்டுப்படுகிறதல்லவா? அதுதான் மூச்சுக்குழாய். பெரியவர்களுக்கு 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். அதில் 16 முதல் 20 வரை குருத்தெலும்பு வளையங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்துள்ளன.

வளையங்கள் எதற்கு? ஊறிப்போன காகிதக் குழலால் ஐஸ் தண்ணீரை உறிஞ்சிப் பாருங்கள். குழல் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் ஏறாது. நாம் மூச்சை இழுக்கும்போதும் குழாய்க்குள் காற்றழுத்தம் குறைகிறது. வளையங்கள் தாங்கிப் பிடிப்பதால்தான் அது ஒட்டிக்கொள்ளாமல் திறந்தே இருக்கிறது.

ஆனால் இவை முழு வட்டங்கள் அல்ல. மாட்டு வண்டிக் காலத்து லாடம் போலப் பின்பக்கம் திறந்திருக்கும். அங்கே மெல்லிய தசை. அதை ஒட்டியே உணவுக்குழாய். சோற்றுக் கவளம் இறங்கும்போது அந்த மென்மையான பக்கம் இடம் கொடுக்கிறது. இருமும்போது அதே தசை இறுகிக் குழாயைக் குறுக்க, காற்று வேகமாகப் பாய்ந்து சளியைத் தள்ளிவிடுகிறது.

எப்போதும் திறந்திருக்கும் வழியில் வேண்டாததும் நுழையலாமே! விழுங்கும் நேரத்தில் குரல்வளை மூடி அந்த வாசலைக் காக்கிறது. வாயில் பண்டத்தை வைத்துக்கொண்டு ஓடினாலும் சிரித்தாலும் அந்தக் காவல் தவறும். பிள்ளைகளின் குழாயோ மிகக் குறுகியது. லாபு பக்கத்துத் தோட்டங்களில் ரம்புத்தான் பழுத்துவிட்டால் பிள்ளைகளை வீட்டில் பார்க்க முடியாது. சின்னஞ்சிறுசுகளுக்குக் கொட்டையை எடுத்துவிட்டுச் சதையை நறுக்கிக் கொடுங்கள். முழுக் கடலையும் வேண்டாம்.

புரையேறிய பிள்ளை பலமாக இருமினால், இருமவிடுங்கள். இருமவும் அழவும் முடியாமல் திணறினால், முன்னால் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்டுங்கள். பலனில்லையென்றால், பின்னால் நின்று தொப்புளுக்குச் சற்று மேலே கைமுட்டியை வைத்து உள்ளும் மேலுமாக 5 முறை அழுத்துங்கள். 1974இல் அமெரிக்க மருத்துவர் ஹென்றி ஹைம்லிக் சொன்ன முறை இது. இரண்டையும் மாறி மாறிச் செய்யுங்கள். இன்னொருவர் 999க்கு அழைக்கட்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு வயிற்றை அழுத்தக்கூடாது. தலை தாழக் குப்புறப் பிடித்து முதுகில் தட்டி, பிறகு மல்லாத்தி நெஞ்சின் நடுவில் அழுத்த வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரலை விடவே கூடாது. அது இன்னும் உள்ளே போய்விடும்.

தாய்மார்களே, இன்னொன்று. இருமல் அடங்கிவிட்டதாலேயே ஆபத்து நீங்கியதாக எண்ணிவிடாதீர்கள். மூச்சுக்குழாய் கீழே இரண்டாகப் பிரிகிறது. வலப்பக்கக் கிளை சற்று அகலம், நேராகவும் இறங்குகிறது. உள்ளே போன கடலை பெரும்பாலும் அங்கே போய்த் தங்கும். சில நாள் கழித்து இளைப்பு, விடாத இருமல், காய்ச்சல் என்று தலைகாட்டும். மருந்துக்கடைச் சளி மருந்தால் கடலை கரையாது. சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனைக்குக் கொண்டுபோய், “அன்று பிள்ளைக்குப் புரையேறியது” என்று மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை மருத்துவருக்குப் பாதி நோயைக் காட்டிக்கொடுத்துவிடும்.