துரிதப் பரிசோதனையின் யோக்கியதை

இன்புளூயன்சா என்னும் விஷஜுரம் ஒருவருக்கு இருக்கின்றதா, இல்லையா என்பதைப் பதினைந்து நிமிஷத்தில் சொல்லிவிடும் துரிதப் பரிசோதனை என்பதாக ஒன்று அமெரிக்காவில் வெகு காலமாக நடந்து வருகின்றது. மூக்கினுள் பஞ்சுக் குச்சியை விட்டுச் சளியை எடுத்து, மருந்து நீரில் கலக்கி, ஒரு சிறு அட்டையில் விடுகின்றார்கள். குறித்த இடத்தில் கோடு விழுந்தால் நோய் "உண்டு", விழாவிட்டால் "இல்லை" என்பது தீர்ப்பு. இந்த அட்டையே கூடாதென்று சொல்ல நாம் வரவில்லை. அதன் "இல்லை" என்ற வார்த்தையை வேதவாக்காகக் கொண்டு, நோயாளியை மருந்தில்லாமல் வீட்டுக்கு அனுப்பும் மூடத்தனத்தையே கண்டிக்க வந்திருக்கின்றோம்.

கோடு விழவில்லை என்பதற்கு அர்த்தம் என்ன? வைரஸ் இல்லை என்பதா? அல்லவே அல்ல. அட்டைக்குத் தட்டுப்படவில்லை என்பது மாத்திரமே. இந்த அட்டை, வைரசின் உள்ளே இருக்கும் ஒரு புரதத்தைப் பிடித்துக் காட்டுவது. அப்புரதம் போதிய அளவு இருந்தால்தான் கோடு தெரியும், கொஞ்சமாயிருந்தால் தெரியாது. குச்சியைச் சரியாக விடாமல் மூக்கு நுனியைத் துடைத்து எடுத்தாலும், ஜுரம் கண்டு நாலைந்து நாள் கழித்துச் சோதித்தாலும் சளியில் வைரஸ் குறைந்திருக்கும். குழந்தைகளைவிடப் பெரியவர்களின் சளியிலோ அது பொதுவாகவே குறைவு. ஆகவே நோய் உள்ளே இருக்கும், அட்டையோ வெறுமையாயிருக்கும்.

இது நமது கற்பனையல்ல. 159 ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டு 2012இல் வெளியான முடிவைப் பாருங்கள். நோய் உண்மையாகவே உள்ள 100 பேரில் இந்த அட்டைகள் கண்டுபிடித்தது சுமார் 62 பேரைத்தான். குழந்தைகளில் 67, பெரியவர்களில் 54. அதாவது, நோயுள்ள பெரியவர் விஷயத்தில் இந்த அட்டையை நம்புவதும் பூவா தலையா போட்டுப் பார்ப்பதும் அநேகமாய் ஒன்றுதான்! ஆனால் நோயில்லாதவர் 100 பேரில் 98 பேரை "இல்லை" என்று சரியாகவே சொல்லிவிடுகின்றது. இந்த 98ஐ முன்னே காட்டி, அந்த 62ஐப் பின்னே மறைத்துப் பேசினால் கேட்பவன் ஏமாறாமல் என்ன செய்வான்?

2009இல் புதிய எச்1 என்1 வைரஸ் கிளம்பி, அவ்வருஷம் ஜூன் மாதத்தில் அது உலகம் பரவிய கொள்ளைநோய் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அப்பொழுது அமெரிக்க சர்க்காரின் நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தார் மூன்று துரிதப் பரிசோதனைகளை எடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். புதிய வைரசை அவை கண்டுபிடித்தது 100க்கு 40 முதல் 69 வரையில்தான். சளியில் வைரஸ் குறையக் குறைய அதுவும் விழுந்துபோயிற்று. ஆகவே, "இல்லை" என்று வந்ததை வைத்து நோயில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள் என்று வைத்தியர்களுக்கு அவர்களே எச்சரிக்கை விடுத்தார்கள்.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் உயிர் நஷ்டம். இந்த நோய்க்கு ஓசல்டாமிவிர் என்ற மருந்து இருக்கின்றது. ஜுரம் கண்ட 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் அதற்குப் பூரண பலன். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியோர், ஆஸ்துமாவோ நீரிழிவோ இருதய நோயோ உள்ளவர்கள் ஆகியோருக்கு இந்த ஜுரம் நிமோனியாவாக முற்றி உயிரையே கொண்டுபோகக்கூடும். அப்படிப்பட்ட ஒரு கர்ப்பிணியிடம் அட்டையைக் காட்டி, "உனக்கு ஒன்றுமில்லை, போ அம்மா" என்று சொன்னால், அந்த 48 மணி நேரத்தை அவளுக்கு யார் திருப்பிக் கொடுப்பது?

நிற்க, கணக்கையே பார்ப்போம். நோய் மும்முரமாயிருக்கும் பருவத்தில் ஜுரத்துடன் 1000 பேர் வருகிறார்கள். அவர்களில் 300 பேருக்கு இன்புளூயன்சா என்று வைத்துக்கொள்வோம். அட்டை 186 பேரைப் பிடிக்கும். 114 பேரைத் தப்பவிடும். நோயில்லாத 700 பேரில் 686 பேருக்கு "இல்லை" என்று வரும். ஆக "இல்லை" என்ற தீர்ப்புப் பெற்றவர்கள் 800 பேர். அவர்களில் 114 பேர், அதாவது ஏழு பேரில் ஒருவர், நோயுடனேயே வீடு திரும்புகிறார்கள்.

"உண்டு" என்பதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதற்கில்லை. நோய்ப் பருவமல்லாத காலத்தில் வரும் 1000 பேரில் 10 பேருக்கே நோய் என்றால், அட்டை பிடிப்பது ஆறு பேரை. நோயில்லாத 990 பேரிலோ சுமார் 20 பேருக்கு வீணாய்க் கோடு விழும். அட்டை அதே அட்டைதான். ஊரில் நோய் எவ்வளவு இருக்கின்றது என்பதைப் பொறுத்து அதன் வார்த்தையின் மதிப்பு மாறுகின்றது. இதை அறியாமல் அட்டையைப் பார்ப்பது, கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பதற்கு எவ்விதத்தில் மேலானது என்று கேட்கின்றோம்.

துரிதமும் மலிவும் வேண்டாமா என்று சிலர் சொல்லக்கூடும். வேண்டியதுதான். நோய்ப் பருவத்தில் "உண்டு" என்று வந்தால் உடனே மருந்து கொடுக்க அது உதவுகின்றதை நாம் மறுக்கவில்லை. ஆனால் துரிதமாய்ச் சொல்லப்பட்ட பொய் மெய்யாகிவிடுமா? அன்றியும், வைரசின் மரபுப்பொருளைப் பல மடங்கு பெருக்கிப் பார்க்கும் மூலக்கூறுப் பரிசோதனையிலும் இப்பொழுது துரித வகை வந்துவிட்டது. அது நோயுள்ள 100 பேரில் 90க்கு மேற்பட்டவரைக் கண்டுபிடிக்கின்றது. அமெரிக்கத் தொற்றுநோய் வைத்தியர் சங்கத்தாரும் 2018இல், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நோயாளிக்கு மூலக்கூறுப் பரிசோதனை கிடைக்கும்போது அட்டையை உபயோகிக்கக் கூடாதென்றே சொல்லிவிட்டார்கள்.

சர்க்கார் இதற்கு என்ன செய்தது? 2017 வரையில் இந்த அட்டைகள் அமெரிக்காவில் முதல் வகுப்புச் சாதனங்கள், அதாவது அபாயம் மிகக் குறைந்தவை என்ற ஜாபிதாவில் இருந்தன. வைத்தியர் நாக்கை அமுக்கிப் பார்க்கும் குச்சிக்கும் அதே வகுப்புத்தான்! 2017 ஜனவரியில் அங்குள்ள உணவு மருந்து நிர்வாக இலாகா விழித்துக்கொண்டு, அவற்றை இரண்டாம் வகுப்புக்கு மாற்றி, நோயுள்ள 100 பேரில் குறைந்தது 80 பேரையாவது கண்டுபிடிக்கவேண்டும், வருஷந்தோறும் புதிய வைரஸ்களை வைத்துச் சோதித்துக் காட்டவேண்டும் என்று உத்தரவு போட்டது. பழைய சரக்குக்கு ஒரு வருஷத் தவணையும் கொடுத்தது. நல்ல காரியந்தான். ஆனால் 80 என்பது 100 அல்ல. மீதி 20 பேரும் மனிதர்களே.

இன்று இவ்வட்டைகள் அங்கே கடைகளில் வாங்கி வீட்டிலேயே போட்டுப் பார்க்கும் சாமானாகவும் வந்துவிட்டன. வைத்தியரின் புத்தியாவது குறுக்கே நின்று தடுத்தது போய், இனி அட்டையே வைத்தியராகிவிடும்.

ஆகவே நாம் கேட்பது பெரிய காரியமல்ல. "இல்லை" என்று எழுதிக் கொடுக்கும் ஒவ்வொரு சீட்டிலும், இந்தப் பரிசோதனை நோயுள்ள 100 பேரில் எத்தனை பேரைத் தப்பவிடும் என்ற எண்ணையும் எழுதிக் கொடுக்கட்டும். அபாயத்தில் இருப்பவர்களுக்கு அட்டை என்ன சொன்னாலும், நோய்க்குறியைப் பார்த்து மருந்தைத் தாமதியாமல் கொடுக்கட்டும். சந்தேகமிருந்தால் மூலக்கூறுப் பரிசோதனைக்கு அனுப்பட்டும். நோயாளியும் "எனக்கு இல்லையா?" என்று கேட்பதோடு நில்லாமல், "இந்த இல்லை எவ்வளவு தூரம் நிஜம்?" என்று கேட்கப் பழகட்டும். அட்டைக்குப் புத்தி கிடையாது. அதை வைத்திருப்பவருக்கும் கிடையாது என்று ஆகிவிடக்கூடாது.