பலகாரம் வீட்டில், சாமான் நம் கடையில்



நம் கூட்டங்களில் எழுந்து பேசுகிற எவரும் இரண்டு குறைகளைச் சொல்லாமல் உட்காருவதில்லை. ஒன்று, பெரிய அங்காடிகள் வந்து நம் வியாபாரத்தைக் கொண்டு போய்விட்டன என்பது. மற்றொன்று, செல்போனில் ஆர்டர் போட்டால் பத்து நிமிடத்தில் வீட்டு வாசலில் சரக்கு வந்துவிடுகிறது, நம்மிடம் யார் வருவார்கள் என்பது. இரண்டும் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் வாடிக்கையாளர் நம்மை விட்டுப் போக நாமே வழி திறந்துவிட்ட இடம் ஒன்று இருக்கிறது. வீட்டு விசேஷத்துக்கும் விருந்தாளிகளுக்கும் பலகாரம் செய்கிற சாமான்களைத்தான் சொல்கிறேன்.

உங்கள் கடையின் முகப்பை ஒருமுறை வெளியே நின்று பாருங்கள். பொட்டலச் சரங்கள் திரைபோலத் தொங்குகின்றன. சிப்ஸ், மிக்சர், குர்குரே என்று கல்லாவில் இருப்பவரின் முகமே தெரியாத அளவுக்கு மாட்டி வைத்திருக்கிறோம். அந்தப் பொட்டலத்தின் விலையை அச்சடித்தது கம்பெனி. நமக்கு எவ்வளவு தள்ளுபடி என்று தீர்மானிப்பதும் கம்பெனி. எலி கடித்தாலும் நசுங்கினாலும் தேதி கடந்தாலும், திருப்பி எடுப்பாரா மாட்டாரா என்று லைன் வண்டிக்காரரின் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டியவர் நாம். அதே பொட்டலம் அடுத்த தெருவிலும் கிடைக்கும், பஸ் நிலையத்திலும் கிடைக்கும், செல்போனிலும் கிடைக்கும். அதற்காக ஒரு குடும்பம் நம் கடையைத் தேடி வர வேண்டிய அவசியமே இல்லை.

வீட்டில் பலகாரம் செய்யத் துணிந்த ஒரு குடும்பத்தின் பட்டியலைப் பாருங்கள். நாடா பக்கோடாவும் மாலாடும் மட்டும்தான் என்று வைத்துக்கொள்வோம். பச்சரிசி மாவு, கடலை மாவு, பொட்டுக்கடலை, மிளகாய்த்தூள், எள், பெருங்காயம், உப்பு, வெண்ணெய், எண்ணெய், சர்க்கரை, நெய், ஏலக்காய், முந்திரி. பதின்மூன்று சரக்கு. இதில் பாதி நாம் எடைபோட்டுக் கட்டித் தருபவை. சலித்துச் சுத்தமாகக் கொடுத்தால் நம் கைக்கு நாலு காசு நிற்பவை. வந்த கையோடு சோப்பும் தீப்பெட்டியும் சேர்த்து வாங்கிப் போவார்கள் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பிறகு ஏன் வீட்டில் பலகாரம் செய்வது குறைந்தது? "இந்தக் காலத்துப் பெண்களுக்குச் சோம்பல்" என்று நம்மவர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் முறுக்குக்கு அரிசி ஊறவைத்து உலர்த்தி மில்லுக்குக் கொடுத்தனுப்ப யாருக்கு நேரம் இருக்கிறது? பக்கத்தில் இருந்து பதம் சொல்லப் பாட்டியும் இல்லை. துணிந்து செய்ய வந்தவர்களுக்கும் நாம் என்ன கொடுத்தோம் என்பதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கையில், எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு பெண் கடைக்கு வந்தார். கையில் சீட்டு. அவருடைய அம்மா போனில் சொல்லச் சொல்ல எழுதியது. "அண்ணாச்சி, முதல் தடவையா முறுக்கு சுடப்போறேன், நல்ல மாவா குடுங்க" என்றார். நான் எழுந்து பார்க்கவில்லை. பையன் கீழ்த்தட்டில் இருந்த உளுந்து மாவையும் கடலை மாவையும் எடுத்துக் கட்டிக் கொடுத்தான். அந்த மாவு சித்திரையில் வாங்கியது. இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் வந்தார். சண்டை போடவில்லை. "அண்ணாச்சி, எல்லாம் கசந்து போச்சு. எண்ணெயும் வீணாப் போச்சு. மாமியார் வீட்டுக்காரங்க வந்திருந்தாங்க" என்று மட்டும் சொன்னார். மாவுக்குக் காசைத் திருப்பிக் கொடுத்தேன். எண்ணெய்க்கும் அவர் பட்ட பாட்டுக்கும் என்ன கொடுப்பது? அதன் பிறகு எந்த விசேஷம் வந்தாலும் அவர் நாலு பொட்டலம் மிக்சர் வாங்கிப் போவார். இப்போது அதுவும் இல்லை. அவர் வீட்டுக்கு ஆர்டர் வண்டி வருவதை நானே பார்க்கிறேன்.

மாவு என்பது அரிசி, பருப்பைப் போலக் காத்திருக்கிற சரக்கு அல்ல. அரைத்த நாளிலிருந்தே அதிலுள்ள கொழுப்பு காற்றுப்பட்டுக் காறத் தொடங்கிவிடும். கடலை மாவில் அது சீக்கிரம் தெரியும். கொண்டைக்கடலையும் அப்படித்தான். நாட்பட்ட கடலையை இரவு முழுக்க ஊறவைத்து எத்தனை விசில் விட்டாலும் கல்லாகவே இருக்கும். சுண்டல் வேகாத வீட்டில் சமைத்தவரைத்தான் குறை சொல்வார்கள். கொடுத்த கடைக்காரரை யாரும் நினைப்பதில்லை. ஆனால் அடுத்த முறை அவர் வரமாட்டார். ஆகவே மாவைக் குறைவாக அரைத்து அடிக்கடி அரைக்க வேண்டும். மொத்த வியாபாரிகளும் பழைய கடலையைப் புதுக் கடலையோடு கலந்து தள்ளிவிடுகிற பழக்கத்தை விட்டால் நல்லது. இதை எழுதுவதால் சிலர் கோபித்துக்கொள்ளலாம்.

அடுத்ததாக, கேட்பவருக்குச் சுலபமானதைச் சொல்லத் தெரிய வேண்டும். "சாயங்காலம் பத்துப் பேர் வர்றாங்க அண்ணாச்சி, ஏதாவது பாக்கெட் குடுங்க" என்று வருகிறவரிடம் முறுக்கைப் பற்றிப் பேசிப் பயனில்லை. காரப்பொரி சொல்லலாம். அரைப்படி பொரி, ஒரு கை நிலக்கடலை, ஒரு கை பொட்டுக்கடலை, தட்டிய பூண்டு, கறிவேப்பிலை, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், உப்பு. இரண்டு கரண்டி எண்ணெயில் பூண்டைச் சிவக்க விட்டு, மற்றவற்றைப் போட்டு, அடுப்பைத் தணித்துப் பொரியைக் கொட்டிப் புரட்டினால் முடிந்தது. மழைக்காலத்தில் பொரி நமத்திருந்தால் வெறும் சட்டியில் முதலில் சூடு காட்டச் சொல்லுங்கள். மறுநாள் விருந்து என்றால் சுண்டல். இதற்கு எண்ணெய்ச் சட்டியே வேண்டாம்.

மாலாடு இதைவிடச் சுலபம். பொட்டுக்கடலை அரைக்கிலோ, சர்க்கரை நானூறு கிராம், இரண்டையும் மிக்சியில் பொடித்து, ஏலக்காயும் வறுத்த முந்திரியும் சேர்த்து, உருக்கிய நெய்யைச் சூடாக ஊற்றிக் கை பொறுக்கிற சூட்டில் பிடிக்க வேண்டியதுதான். நெய் இருநூறு கிராமுக்குள் அடங்கும். பாகு பதம் பார்க்க வேண்டியதில்லை, கெட்டுப்போக வழியும் இல்லை.

கொஞ்சம் துணிந்தவர்களுக்கு நாடா பக்கோடா. அரிசி மாவு இரண்டு பங்கு, கடலை மாவு ஒரு பங்கு, பொட்டுக்கடலை மாவு அரைப் பங்கு. சூடாக்கிய எண்ணெய் இரண்டு கரண்டியை மாவில் விட்டுப் பிசறி, அதன் பிறகு தண்ணீர் தெளித்துப் பிசைய வேண்டும். மொத்த மாவையும் ஒரேயடியாகப் பிசைந்து வைத்தால் கடைசி ஈடு சிவந்துபோகும் என்பதையும் சொல்லுங்கள். முறுக்கு கேட்டால் அரிசி மாவு நாலுக்கு வறுத்து அரைத்த உளுந்து மாவு ஒன்று. சீடையை மட்டும் புதியவர்களுக்குச் சொல்லாதீர்கள். உள்ளே ஈரமோ காற்றோ அடைபட்டால் எண்ணெயில் வெடிக்கும். பழகியவர்களே கோகுலாஷ்டமிக்கு ஒரு எட்டுத் தள்ளி நின்றுதான் சீடை போடுகிறார்கள்.

"நாம் சரக்கு விற்க வந்தோமா, சமையல் வகுப்பு நடத்த வந்தோமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். கல்லாவில் கூட்டம் நிற்கும்போது யாரும் பாடம் நடத்த முடியாது. அளவுகளை ஒரு சீட்டில் அச்சடித்துச் சாமான் பையில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. சென்ற நவராத்திரிக்கு நான் சுண்டல் சீட்டு ஒன்று போட்டேன். ஒன்பது நாளுக்கு ஒன்பது தானியம், ஒவ்வொன்றும் எத்தனை மணி நேரம் ஊற வேண்டும் என்கிற விவரம் மட்டும். கொலு வைக்காத வீட்டுக்காரர்களும் கேட்டு வாங்கிப் போனார்கள்.

வரி விஷயத்தையும் கவனிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் பொட்டலத்தில் வரும் மிக்சர் வகைகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்தது. கம்பெனிக்காரருக்கு இது பலம். அதே நாளில் நெய்க்கும் வெண்ணெய்க்கும் 12 சதவிகிதம் 5 ஆனது. இது வீட்டுப் பலகாரத்துக்குப் பலம். ஆனால் முகப்பில் "நெய் விலை குறைந்தது" என்று எழுதி வைத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? பெயரிட்டு முன்கூட்டியே கட்டிய அரிசி, பருப்பு, மாவு வகைகளுக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவிகிதம் உண்டு. கேட்பவர் முன்னால் எடைபோட்டுக் கட்டித் தருவதற்கு அது இல்லை. மாவை முன்னதாகவே கட்டி, கடை பெயர் ஒட்டி அடுக்கப் போகிறவர்கள் ஆடிட்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

எண்ணெயைப் பற்றி வாடிக்கையாளரிடம் தயங்காமல் பேசலாம். ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவது கெடுதல் என்றுதான், பொரித்த எண்ணெயில் கேடான பொருள் 25 சதவிகிதத்தைத் தாண்டக்கூடாது என்ற கட்டுப்பாட்டை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலையில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வீட்டில் புது எண்ணெய் ஊற்றிச் சுடுகிறவருக்கு இந்தக் கவலை இல்லை. பிள்ளைகளுக்குக் கொடுக்கிற தாய்மார்களுக்கு இந்த ஒரு விஷயம் போதும்.

பொட்டலச் சரங்களைக் கழற்றி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. என் கடையிலும் தொங்குகின்றன, பிள்ளைகள் கேட்கிறார்கள், விற்கிறேன். ஆனால் கல்லாவுக்கு நேர் எதிரே இருந்த சரத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நாலு மாவு டப்பாக்களை வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் அரைத்த தேதியைச் சாக்பீசால் எழுதுகிறேன். இரண்டு வாரம் தாண்டினால் விற்பதில்லை. முதல் மாதம் மூன்று கிலோ மாட்டுத் தீவனத்துக்குப் போனது, நஷ்டம்தான். இப்போது மில்காரரிடம் சொல்லி வாரம் பத்து கிலோ மட்டும் அரைக்கிறேன். உளுந்தை வறுக்கும் வேலையை என் மனைவி வேறு யாரிடமும் விடுவதில்லை.